தேதி மேல் தப்பில்லை!

உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கிற வேலை யாருடையது? எங்கள் வீட்டில் அது என் டிபார்ட்மென்ட். கிழிப்பதற்கு முன்னால் ராகு காலம், சூலம், ராசிபலன் எல்லாம் ஒரு பார்வை. நம்ம ராசிக்கு சந்திராஷ்டமம் இல்லை என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. அப்புறம்தான் என் சொந்த வியாதி ஆரம்பிக்கும். இதே தேதியில் முன்னால் என்னென்ன நடந்தது, யார் யார் பிறந்தார்கள் என்று நோண்ட உட்கார்ந்தால் காபி ஆறிப்போய்விடும்.

அப்படி நோண்டியதில் என்னைப் பிடித்துக்கொண்டு விடாத தேதி ஒன்று உண்டு. செப்டம்பர் 11.

'அட, தெரியுமே... நியூயார்க், இரட்டைக் கோபுரம், விமானம்!' என்கிறீர்களா? கரெக்ட். 2001-ல் அதை டி.வி-யில் பார்த்த யாருக்கும் மறக்காது. ஒன்பது-பதினொன்று என்று நாமும் அமெரிக்கர்களைப் போலவே சொல்லப் பழகிவிட்டோம். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். நம் ஊர்க் கணக்கில் 9/11 என்றால் நவம்பர் 9. அது பெர்லின் சுவர் திறந்த நாள்! 1989-ல் ஜெர்மன்காரர்கள் சுவர் மேல் ஏறி நின்று ஆடிய ராத்திரி. ஆக, எழுதுகிற முறையை மாற்றினால் துக்கம் கொண்டாட்டமாகிவிடுகிறது.

நியூமராலஜி நண்பர்கள் இந்த இடத்தில் உற்சாகமாகிவிடுவார்கள். முதல் கோபுரத்தில் மோதிய விமானத்தின் நம்பரும் 11. பக்கத்தில் பக்கத்தில் நின்ற அந்த இரண்டு கோபுரங்களைத் தூரத்திலிருந்து பார்த்தாலே 11 மாதிரிதான் இருக்கும். 'பார்த்தீர்களா?' என்பார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். 1752-ல் லண்டனில் செப்டம்பர் 11 என்று ஒரு தேதியே கிடையாது, தெரியுமா? பழைய ஜூலியன் காலண்டரை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறும்போது, பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் பதினோரு நாட்களை அப்படியே விழுங்கிவிட்டன. செப்டம்பர் 2-ம் தேதி படுத்துத் தூங்கியவர்கள் எழுந்தபோது செப்டம்பர் 14! கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ்காரனுக்கு அதே வருஷம் செப்டம்பர் 11 சௌகரியமாக வந்து போனது. நாமாகப் போட்ட கட்டம்தானே தேதி? அதற்கென்று தனியாக ஒரு குணம் எங்கிருந்து வரும்?

பிறந்தநாள் லிஸ்ட்டைப் பாருங்கள், இன்னும் வேடிக்கையாக இருக்கும். கடைசி வரியில் திருப்பம் வைத்தே பேர் வாங்கிய கதைக்காரர் ஓ ஹென்றி (1862), ஆபாசம் என்று புத்தகம் தடை செய்யப்பட்ட டி.ஹெச்.லாரன்ஸ் (1885), ஜெர்மனியின் கால்பந்து ராஜா பெக்கன்பவர் (1945), பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸ் (1917), சிரியாவின் ஆசாத் (1965)... நம் பக்கத்தில், டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவுக்காக முதல் செஞ்சுரி அடித்த லாலா அமர்நாத் (1911). இளைஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கடைசியாகச் சொல்கிறேன், 'சிவாஜி' கதாநாயகி ஸ்ரேயா (1982).

இவர்களுக்குள் என்ன பொருத்தம்? ஒன்றும் கிடையாது. உலக ஜனத்தொகை 800 கோடி. 365-ஆல் வகுத்துப் பாருங்கள். எந்தத் தேதியை எடுத்தாலும் சுமார் இரண்டு கோடிப் பேருக்கு அன்றைக்கு பர்த்டே! அதில் நாலு சர்வாதிகாரியும் நாலு சினிமா நட்சத்திரமும் சிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் இந்த லிஸ்ட்டில் நான் வேண்டுமென்றே விட்டுவிட்ட ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு முன்னால், தென்னாப்பிரிக்கா வரைக்கும் ஒரு நடை போய் வரலாம்.

1906, செப்டம்பர் 11. ஜோஹன்னஸ்பர்க். எம்பயர் தியேட்டர். தரையிலிருந்து பால்கனி வரை இந்தியர்கள், சுமார் மூவாயிரம் பேர். டிரான்ஸ்வால் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும், பெண்கள் உள்பட, போய்ப் பதிவு செய்துகொண்டு கைரேகை வைக்க வேண்டும். போலீஸ்காரர் தெருவில் நிறுத்திக் கேட்டால் சீட்டைக் காட்ட வேண்டும். ஏதோ கேடியை நடத்துகிற மாதிரி!

கூட்டத்தில் தீர்மானம் படிக்கிறார்கள். சேட் ஹாஜி ஹபீப் என்ற வியாபாரி எழுந்து, 'கடவுள் சாட்சியாகச் சத்தியம் செய்வோம், இந்தச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம்' என்று முழங்கிவிட்டார். இது புரோகிராமிலேயே இல்லை. மேடையில் இருந்த முப்பத்தாறு வயது வக்கீலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வக்கீல் யாரென்று சொல்லவும் வேண்டுமா? அவர் எழுந்து, கூட்டத்தை உசுப்பிவிடுவதற்குப் பதிலாகப் பயமுறுத்த ஆரம்பித்தார்! சத்தியம் விளையாட்டில்லை, ஜெயில் உண்டு, அடி உண்டு, சொத்து போகும், உயிரும் போகலாம், பக்கத்தில் இருப்பவன் கைவிட்டாலும் நீ தனியாக நிற்க வேண்டும், யோசித்துக் கையைத் தூக்கு என்றார். எல்லோரும் எழுந்து நின்று கையைத் தூக்கினார்கள். சத்தியாக்கிரகம் என்ற பெயர் அப்புறம்தான் வந்தது. குழந்தை பிறந்தது அன்றைக்குத்தான். (சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் முன்வரிசை என்பதை காந்தியே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.)

இன்னொரு விஷயம். கூட்டம் நடந்த மறுநாளே அந்த எம்பயர் தியேட்டர் தீப்பிடித்து எரிந்துபோய்விட்டது! 'நல்ல சகுனம், சட்டமும் இப்படித்தான் எரியும்' என்று நண்பர்கள் வந்து காந்தியிடம் குதூகலித்தார்கள். சகுனம் பார்ப்பதில் நமக்கு நிகர் நாம்தான். சட்டம் எரியவில்லை. அடுத்த வருஷமே அமலுக்கு வந்தது. ஜெயிலுக்குப் போய்த்தான் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இப்போது அந்த விட்டுப்போன பெயர். அதே நாளில், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்குப் பதினோரு வயது நிறைந்தது. பெயர் விநாயக். நமக்கு வினோபா பாவே! 1940-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்தை ஆரம்பித்தபோது, முதல் ஆளாக காந்தி யாரை அனுப்பினார்? நேருவை அல்ல, இந்த வினோபாவைத்தான். நேரு அதற்கு அடுத்த ஆள்.

இதுவும் தற்செயல்தான். கேட்க இனிக்கிற தற்செயல். 1893-ல் சிகாகோவில் சர்வமதப் பேரவை தொடங்கியதும் செப்டம்பர் 11. திருவல்லிக்கேணிப் பக்கம் வீடு வீடாகப் போய் அளசிங்கப் பெருமாள் வசூல் செய்த பணமும் கூட இருந்ததால் கப்பலேறிய விவேகானந்தர், மதவெறி ஒழிய வேண்டும் என்று முழங்கிய நாள். அதற்குச் சரியாக 108 வருஷம் கழித்து அதே அமெரிக்காவில், அதே தேதியில், மதவெறி விமானத்தில் வந்தது. 108 என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதுவும் தற்செயலே.

ஜின்னா காலமானதும் ஒரு செப்டம்பர் 11-ல்தான். 1948. புதிதாக ஒரு தேசத்தையே வாங்கிக் கொடுத்த மனிதரை, சாகக் கிடக்கிற நிலையில் விமானத்தில் கராச்சிக்குக் கொண்டுவந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டது! வேறு வண்டி வரும்வரை, சுமார் ஒரு மணி நேரம், புழுக்கத்தில், ரோட்டோரமாகக் கிடந்தார் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல். தங்கை பாத்திமா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அன்று இரவே உயிர் போய்விட்டது.

சிலி நாட்டில் போய் 'பதினொன்று' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் நினைப்பது 1973. (2001 போலவே அதுவும் செவ்வாய்க்கிழமை.) ஓட்டு வாங்கி ஜனாதிபதியான அலெண்டேயின் மாளிகை மேல் சொந்த நாட்டு விமானப்படையே குண்டு போட்டது. அவர் ரேடியோவில் கடைசியாக ஜனங்களிடம் பேசிவிட்டு, சரணடையாமல், தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார். அப்புறம் பினோசெட் ராஜ்ஜியம், 1990 வரை பதினேழு வருஷம். கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாக மூவாயிரம் பேருக்கு மேல். இதில் நெஞ்சைக் குத்துவது என்ன தெரியுமா? பினோசெட் ஆட்சி அந்தத் தேதியை விடுமுறை நாளாகக் கொண்டாடியது! அவர் இறங்கியும் அது உடனே போகவில்லை, ரத்து செய்ய 1998 ஆயிற்று. சான்டியாகோவில் ஒரு பெரிய சாலைக்கே 'செப்டம்பர் 11' என்று பெயர். புருஷனைப் பறிகொடுத்தவள் அந்த போர்டைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போக வேண்டும். பெயரை மாற்ற 2013 வரை ஆனது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

1921, திருவல்லிக்கேணி. கோயில் யானை தள்ளிவிட்டதில் காயம்பட்டு, அதிலிருந்து தேறி, சுதேசமித்திரன் வேலைக்கும் திரும்பிவிட்ட பாரதி, செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்து படுத்துவிட்டார். ஏற்கெனவே எலும்பும் தோலுமான உடம்பு. 11-ம் தேதி ராத்திரி தாண்டி, ஒன்றரை மணி வாக்கில் மூச்சு நின்றது. 39 வயது நிறையவில்லை. கடைசி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பதைப் படித்திருப்பீர்கள். எத்தனை தடவை படித்தாலும் கூச்சமாகவே இருக்கிறது.

ராத்திரி ஒன்றரை மணி என்றால் அது எந்தத் தேதி? கடிகாரக் கணக்குப்படி செப்டம்பர் 12. ஆபீஸ் பதிவிலும் 12-தான். ஆனால் நம் வீடுகளில் பொழுது விடிந்தால்தானே மறுநாள்? அந்தக் கணக்கில் 11. இரண்டு தேதிகளும் ரொம்ப காலம் புழங்கின. 2021-ல், நூறாவது வருஷத்தில், தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ 'மகாகவி நாள்' என்று அறிவித்தது.

இந்தப் பன்னிரண்டா, பதினொன்றா என்பது வெறும் பண்டிதர் சண்டை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், இம்மானுவேல் சேகரன் பற்றிப் படிக்கும்வரை.

1957. ராமநாதபுரம் மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஊர் திரும்பிய இம்மானுவேல் சேகரன், தீண்டாமைக்கு எதிராக முதுகுளத்தூர், பரமக்குடி வட்டாரத்தில் ஆட்களைத் திரட்டியவர். செப்டம்பர் 10-ம் தேதி முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் தரப்பில் வந்து சரிசமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் சாயந்திரம் பரமக்குடி பக்கத்தில் எமனேசுவரத்தில் ஒரு விழா. அதில் கலந்துகொண்டு திரும்பிய ராத்திரி, பரமக்குடியில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். முப்பத்து மூன்று வயது நிறைய இன்னும் ஒரு மாதம் பாக்கி.

எமனேசுவரத்தில் என்ன விழா? அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்: பாரதியார் நினைவு நாள்.

தேதி செய்த வேலை அல்ல இது. வெட்டியவர்கள் இன்னொரு நாளும் பார்த்திருந்திருக்கலாம். ஆனால் முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இருபது பேர்கூட இல்லாமல் எரிக்கப்பட்ட ஒருவனை மறக்கக் கூடாது என்று ஒரு சின்ன ஊரில் சிலர் கூடியிருக்கிறார்கள். சாதி கூடாது என்று பாடியவனின் பேரைச் சொல்லிவிட்டு வந்த மனிதரைச் சாதியின் பேரால் சாய்த்திருக்கிறார்கள். அப்புறம் கலவரம், துப்பாக்கிச் சூடு, எத்தனையோ வீடுகள் சாம்பல்... முதுகுளத்தூர் என்றால் பெரியவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் ஞாபகம்.

2010-ல் அரசாங்கம் அவருக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. அவர் நினைவிடத்துக்கு ஒவ்வொரு செப்டம்பர் 11-லும் கிராமம் கிராமமாக ஜனங்கள் வருவார்கள். இப்போதும் வருகிறார்கள். அந்த நாளுக்கு மாவட்டத்தில் தடை உத்தரவு உண்டு, வெளி மாவட்டத்திலிருந்தெல்லாம் போலீஸ் உண்டு.

2011, செப்டம்பர் 11. ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் பத்தாம் ஆண்டு. கோபுரங்கள் நின்ற இரண்டு பள்ளங்களையும் நீர்க்குளங்களாக்கி, சுற்றிலும் வெண்கலத்தில் செத்தவர்கள் பெயரையெல்லாம் பொறித்திருந்தார்கள். இரண்டு இரண்டு பேராக வந்து அத்தனை பெயரையும் உரக்கப் படித்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி தலை குனிந்து நின்றார். உலகம் முழுக்க லைவ்.

நியூயார்க்கில் அப்போது காலை, நமக்கு சாயந்திரம். அந்தச் சாயந்திரத்துக்குள் பரமக்குடி ஐந்து முக்கு ரோட்டில் எல்லாம் முடிந்திருந்தது. நினைவு நாளுக்கு வந்த கூட்டம், ஒரு தலைவரைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி, மறியல், கல்வீச்சு, போலீஸ் துப்பாக்கிச் சூடு. அஞ்சலி செலுத்த வந்தவர்களில் சிலரைப் பிணமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலையில் நம் ஊர்ப் பேப்பர்களில் இரண்டு செய்தியும் இருந்தன.