துருவே கவசம்!

1928ல் சிங்கப்பூரின் சிலேத்தாரில் நான்கு ‘சவுத்தாம்ப்டன்’ பறக்கும் படகுகள் வந்திறங்கின. அவற்றின் உடல், டூரலுமின் எனும் அலுமினியக் கலவை. கடல் உப்பு அதை அரிக்காதா?

டூரலுமினைக் காக்கும் வழியை 1923லேயே பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் கண்டிருந்தனர். குரோமிக் அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி, உலோகத்தின் மேல் ஆக்சைடு படலத்தை வளர்த்தனர். இரும்பைத் துரு தின்னும். அலுமினியத்தை அதன் ‘துரு’வே காக்கும்!

பின்னர், குளிர்ந்த கந்தக அமிலத்தில் தடித்த படலம் வளர்க்கும் முறை வந்தது. அது தேய்மானத்தையும் தாங்கியது. மாணிக்கக் கல்லின் மூலப்பொருளும் அலுமினிய ஆக்சைடுதான் என்றால், கடினத்தன்மைக்குக் கேட்கவா வேண்டும்?

தேக்கா கடைகளில் விற்கும் கருஞ்சாம்பல் வாணலியில் இருப்பதும் பூச்சல்ல. உலோகமே மாறிய தோல். சலவை சோடா போட்டுத் துலக்கினால் அந்தக் கவசம் கரைந்துவிடும்!