‘இரண்டாவது’ என்றொரு சொல்

1998இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பில் பைபிள் வருகிறது, ‘ராபின்சன் குரூசோ’ வருகிறது, ‘மோபி டிக்’ வருகிறது. முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கஞ்சா விற்க டிரக்கில் போன ஒருவரின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள், பூட்டிய நிலையில், ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அவர் அந்தத் துப்பாக்கியை ‘கேரி’ செய்தாரா, இல்லையா? வழக்கே அவ்வளவுதான். செய்தார் என்றால் கஞ்சாவுக்கான தண்டனைக்கு மேல் இன்னும் ஐந்து ஆண்டுகள். நீதிபதி மனது வைத்தாலும் அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது.

நீதிபதி ஸ்டீவன் பிரையர் அகராதிகளைப் புரட்டினார். வண்டியிலும் படகிலும் கொண்டுபோவதற்கும் அதே சொல்லைத்தான் மூதாதையர்கள் எழுதினார்கள் என்று காட்ட இலக்கியத்துக்குப் போனார். எதிர்த்தரப்பில் ரூத் பேடர் கின்ஸ்பர்க், ‘மேஷ்’ தொலைக்காட்சித் தொடரின் வசனத்தை எடுத்துப்போட்டு, அந்தச் சொல்லுக்கு எத்தனை முகம் என்று பாருங்கள் என்றார். 5க்கு 4. பிரையர் பக்கம் ஜெயித்தது. தமிழில் இடுப்பில் செருகுவது, கையில் ஏந்துவது, தோளில் சுமப்பது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது எல்லாமே வேறு வேறு வினை. நாமாக இருந்தால் வேறேதாவது சொல்லில் மாட்டியிருப்போம், அது தனிக்கதை.

சிரிப்பு நீடிக்கவில்லை. இந்தச் சட்டப்பிரிவின் கதையைப் பின்னோக்கித் துருவிப் பார்த்தால், சொற்களைப் பற்றிய இந்த மாதிரிச் சண்டைகளில் மனிதர்களின் முழு ஆயுளும் போயிருக்கிறது.

பிரிவின் எண் 924(சி). 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி. இரண்டு துப்பாக்கிக் கொலைகளின் சூட்டில் உருவான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வர்ஜீனியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் பாஃப் என்ற உறுப்பினர் சபை விவாதத்தின் நடுவே சேர்த்த திருத்தம் இது. குற்றம் செய்யக் கிளம்புகிறவன் துப்பாக்கியையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கணக்கு. தப்பான எண்ணம் என்று சொல்லமாட்டேன். வங்கிக் கவுண்டரில் நெற்றிக்கு நேரே குழல் நீட்டப்பட்ட ஊழியரிடம் கேட்டால் இதுகூடப் போதாது என்பார்.

அன்று தண்டனை ஓராண்டிலிருந்து பத்தாண்டுவரை. நீதிபதி ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம். 1984இல் அது கண்டிப்பான ஐந்தாண்டு ஆனது. 1986இல் போதைப்பொருள் வியாபாரமும் உள்ளே வந்தது. ‘இரண்டாவது அல்லது அதற்கடுத்த’ குற்றத்தீர்ப்புக்கு 1988இல் இருபதாண்டு, 1998இல் இருபத்தைந்து. இவை ஏககாலத்தில் ஓடாது. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும்.

இதில் ‘இரண்டாவது’ என்றால் என்ன? சாதாரண வாசிப்பில் எனக்குத் தோன்றுவது, ஒருவன் பிடிபட்டான், சிறைக்குப் போனான், வெளியே வந்து மறுபடி அதையே செய்தான் என்பதுதான். 1993இல் டீல் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஹூஸ்டன் பக்கம் சில மாதங்களில் ஆறு வங்கிக் கொள்ளைகள். எல்லாவற்றுக்கும் ஒரே விசாரணை, ஒரே ஜூரி. முதல் கொள்ளைக்கு ஐந்து, மீதி ஐந்துக்கும் தலா இருபது, ஆக 105 ஆண்டுகள். ஒரே மூச்சில் வாசிக்கப்பட்ட ஆறு தீர்ப்புகளில் ஐந்து ‘இரண்டாவது அல்லது அதற்கடுத்த’வையாம். சரிதான் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார் ஆன்டனின் ஸ்காலியா. பாடம் கற்காமல் திரும்பி வருகிறவனுக்காக எழுதிய வரி அல்லவா இது என்று ஜான் பால் ஸ்டீவன்ஸ் மறுத்தார். மூன்று பேர்தான் அந்தப் பக்கம்.

சரியாகப் பதினைந்து நாள் கழித்து அதே ஸ்காலியா வேறொரு வழக்கில் தோற்றார். கொக்கெய்னுக்கு மாற்றாகத் துப்பாக்கியைப் பண்டமாற்றுச் செய்ய முயன்றவர், துப்பாக்கியை ‘பயன்படுத்தினாரா’ என்பது கேள்வி. பயன்படுத்தினார்தான் என்றது பெரும்பான்மை. அது இயந்திரத் துப்பாக்கி என்பதால் முப்பது ஆண்டுகள். ‘நீங்கள் கைத்தடி பயன்படுத்துவீர்களா?’ என்று ஒருவரைக் கேட்டால், தாத்தாவின் தடியைச் சுவரில் அழகுக்கு மாட்டி வைத்திருக்கிறீர்களா என்றா அர்த்தம் என்று மறுப்புரையில் கேட்டார் ஸ்காலியா. அருமையான கேள்வி. ‘இரண்டாவது’ விஷயத்தில் அவருக்கு ஏன் இந்தக் காது கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

1995இல் நீதிமன்றம் ‘பயன்படுத்துதல்’ என்பதன் பொருளைச் சுருக்கியது. காங்கிரஸ் சும்மா இருக்கவில்லை. குற்றத்துக்குத் துணையாகத் துப்பாக்கியை ‘வைத்திருந்தாலே’ போதும் என்று 1998இல் இன்னொரு சொல்லைச் சேர்த்தது. அந்த வலையில் விழுந்தவர் யூட்டா மாநிலத்தின் வெல்டன் ஏஞ்செலோஸ்.

24 வயது. ராப் இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவர், இரண்டு சிறுபிள்ளைகளின் தகப்பன். 2002இல் போலீஸின் ஆளிடம் தலா எட்டு அவுன்ஸ் கஞ்சாவை மூன்று முறை விற்றார். ஒருமுறை காருக்குள் துப்பாக்கி இருந்தது, ஒருமுறை கணுக்காலில் கட்டியிருந்தார், வீட்டுச் சோதனையிலும் துப்பாக்கிகள் கிடைத்தன. யாரையும் சுடவில்லை, யாரிடமும் நீட்டவும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் பதினைந்து ஆண்டு என்றது அரசுத் தரப்பு. அவர் மறுத்தார். உடனே புதிய குற்றப்பத்திரிகை வந்தது, 924(சி) குற்றச்சாட்டுகளின் எண்ணிக்கையும் ஏறியது. கடைசியில் ஜூரி உறுதிசெய்தவை மூன்று. ஐந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து, ஆக 55 ஆண்டுகள்.

நீதிபதி பால் கேசல் இளகிய மனதுக்காரர் என்று பெயரெடுத்தவர் அல்ல. மரண தண்டனையை ஆதரிப்பவர், ஜார்ஜ் புஷ் நியமித்தவர். 2004 நவம்பரில் இந்தத் தண்டனையை வாசிப்பதற்குச் சில மணிநேரம் முன்புதான், ஒரு முதியவளை மரக்கட்டையால் அடித்துக் கொன்றவருக்கு 22 ஆண்டு விதித்திருந்தார். விமானக் கடத்தல், பொது இடத்தில் குண்டுவைத்தல் எல்லாவற்றுக்கும் இதைவிடக் குறைவு என்று கணக்குப் போட்டுத் தீர்ப்பிலேயே எழுதினார். ஜூரிகளிடமே கேட்டுப் பார்த்தார். அவர்கள் சொன்னது சராசரியாகச் சுமார் 18 ஆண்டு. அநியாயம், கொடூரம், அறிவுக்கே பொருந்தாதது என்று சொல்லிவிட்டு, ஜனாதிபதி இதைக் குறைக்க வேண்டும் என்று வேண்டுகோளும் வைத்துவிட்டு, 55 ஆண்டையும் ஒரு நாளையும் விதித்தார். அந்த ஒரு நாள், மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் சேர்த்து. தன் கையில் மிச்சமிருந்த அதிகாரம் முழுவதையும் அவர் அந்த ஒரு நாளில் காட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கட்டாயத் தண்டனை வந்தால் ஆளுக்கொரு நியாயம் இருக்காது என்பார்கள். நடந்தது வேறு. எடைபோடும் வேலை நீதிபதியின் மேசையிலிருந்து அரசு வழக்கறிஞரின் மேசைக்குப் போனது, அவ்வளவுதான். பதினைந்தா, ஐம்பத்தைந்தா என்பதை எத்தனை குற்றச்சாட்டு எழுதுவது என்று முடிவுசெய்தவர்தான் தீர்மானித்தார். நீதிபதி செய்ததை மேல்முறையீட்டில் திருத்தலாம். பேரத்தை யார் திருத்துவது?

2016இல் தண்டனை குறைக்கப்பட்டு ஏஞ்செலோஸ் வெளியே வந்தார். 2020 டிசம்பரில் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். இடையில், 2018 டிசம்பர் 21 அன்று, டீல் வழக்குக்கு 25 ஆண்டு கழித்து, காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. ‘இரண்டாவது’ என்றால் முந்தைய குற்றத்தீர்ப்பு இறுதியாகிவிட்ட பிறகு செய்த குற்றம்தான். அந்தப் பிரிவுக்கு அவர்கள் வைத்த தலைப்பில் ‘தெளிவுபடுத்தல்’ என்று இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இதுதான் அர்த்தம் என்பதுபோல.

பழைய கைதிகள்? அந்தத் தேதியில் தண்டனை ‘விதிக்கப்பட்டிராதவர்களுக்கு’ மட்டும் என்று எழுதினார்கள். மறுபடியும் ஒரு சொல். 2009இல் தலா 325 ஆண்டுக்கு மேல் வாங்கிய வங்கிக் கொள்ளையர்கள் சிலரின் தண்டனை பின்னால் ரத்தாகி, புதிதாக விதித்தபோது 130 ஆண்டு ஆனது. ரத்தான தண்டனை ‘விதிக்கப்பட்டதா’? மாமா வந்திருக்கிறார் என்றால் இப்போது வீட்டில் இருக்கிறார். வந்திருந்தார் என்றால் வந்துவிட்டுப் போயிருக்கலாம். கிட்டத்தட்ட அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் 2025 ஜூனில் நீதிபதி கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் தீர்ப்பு எழுதினார். ரத்தான தண்டனை விதிக்கப்படாததற்குச் சமம், ஆகவே புதுச் சட்டம் பொருந்தும். 5க்கு 4.

அந்தத் தேதிக்கு முன்பே விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் எந்தப் பிழையும் அகப்படாமல் நிலைத்துவிட்ட தண்டனைகளுக்கு இந்தத் தீர்ப்பில் ஒன்றுமில்லை. பிழையோடு எழுதப்பட்டவை மறுபடி மேசைக்கு வரும். பிழையில்லாமல் எழுதப்பட்ட நூற்றைந்து ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.