கோமுகி ஆறு போய்ச் சேரும் போர்க்களம்: கள்ளக்குறிச்சியில் இருந்து இரண்டு நாள் பயணம்

 

லீவு விட்டா நம்ம மாவட்டத்துக்காரங்க கல்வராயன் மலைக்கு ஏறுவோம், மேகம் அருவி, பெரியார் அருவின்னு குளிச்சுட்டு இறங்கிடுவோம். இந்த முறை தண்ணி போற திசையில் போய்ப் பாருங்க. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் சேருகின்றன. அந்த முகத்துவாரத்துக்கு வடக்கே இருக்கும் மணல் மேடுகளில்தான் 1781 ஜூலை 1-ம் தேதி ஹைதர் அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மோதின. பரங்கிப்பேட்டை, கடலூர், புதுச்சேரி மூன்றையும் இரண்டு நாளில் பார்த்துவிட்டு வீடு திரும்பிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிடறேன். நார்மண்டி கடற்கரையில் இருப்பது மாதிரி வரிசை வரிசையா வெள்ளைக் கல்லறைகள், அருங்காட்சியகம், வழிகாட்டிப் பலகைன்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. இங்கே இருப்பது மணல், சவுக்கு, மீனவர் குப்பம், இடிந்த செங்கல். என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுட்டுப் போனால்தான் எதுவும் கண்ணில் படும். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்பி, வழியிலேயே இருக்கும் தியாகதுருகத்தில் நிறுத்துங்க. பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை பார்த்த மலைதான். பாராமகால் பக்கம் இருந்து கடற்கரைச் சமவெளிக்கு இறங்கும் பாதைகளில் ஒன்றை இந்தக் கோட்டை காவல் காத்தது. அதனால்தான் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்க்காரர் எல்லோருக்கும் இது தேவைப்பட்டது. 1790-ல் திப்பு சுல்தான் இதைப் பிடிக்க முயன்றபோது, உள்ளே இருந்த கேப்டன் பிளின்ட் தாக்குப்பிடித்தார். பத்து வருஷம் முன்பு வந்தவாசிக் கோட்டையை ஹைதரிடம் விடாமல் காத்த அதே ஆள். வெயில் ஏறுவதற்குள் மலையை விட்டு இறங்கிடுங்க.

அங்கிருந்து உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் வழியா பரங்கிப்பேட்டை. நேரம் இருந்தா சிதம்பரத்தையும் சேர்த்துக்குங்க. கோயிலுக்குள் போகும்போது அந்த மதிலை ஒரு நிமிஷம் படைவீரன் கண்ணோடு பாருங்க. ஹைதரின் ஆட்கள் கோயிலையே கோட்டை ஆக்கி உள்ளே இருந்தார்கள். 1781 ஜூன் 18-ல் ஜெனரல் அயர் கூட் அதைத் தாக்கி, முடியாமல் திரும்பினார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பரங்கிப்பேட்டைக் கரைக்கு ஒதுங்கினார். கையில் சுமார் 8,000 பேர். கடலூருக்குப் போகும் வழியை அதைவிடப் பல மடங்கு பெரிய படையோடு ஹைதர் மறித்து நின்றார்.

கூட் நேராக மோதவில்லை. மணல் மேடுகளுக்கு இடையில் ஒரு வழி கிடைத்தது. ஹைதரின் ஆட்களே தங்கள் பீரங்கிகளை நகர்த்துவதற்காக வெட்டிய வழி அது! அதன் வழியே பக்கவாட்டில் புகுந்தார்கள். கரையோரம் நின்ற ஒரு சிறு கப்பலும் கடலில் இருந்து சுட்டு உதவியது. மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஹைதரை அவருடைய ஆட்கள் வற்புறுத்தித்தான் அங்கிருந்து கிளப்பினார்கள்.

இனி டாக்டர் கண்ணோட பாருங்க. ஹைதர் அடுத்த ஆண்டு, 1782 டிசம்பர் 7-ல், சித்தூர் அருகே முகாமில் இறந்தார். குண்டு படவில்லை. முதுகில் ராஜபிளவை. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் அது மரண ஓலைதான். கூட்டும் போரில் சாகவில்லை. உடல்நலம் கெட்டு வங்காளம் போனவர், கப்பலில் மெட்ராஸ் திரும்பிய கையோடு 1783 ஏப்ரலில் இறந்தார். தளபதிகளுக்கே இந்தக் கதி என்றால், கிராமத்து ஜனங்களுக்கு? 1780-ல் ஹைதர் கர்நாடகச் சமவெளியில் இறங்கியதும் எரிந்தது வயல்களும் ஊர்களும். அதன் பின்னால் வந்த பஞ்சத்தில் மெட்ராஸுக்கு ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் வளர்ந்து வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. வடசென்னைப் பெரியவங்க அதை இன்னும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி"ன்னுதான் சொல்வாங்க. என்னைக் கேட்டால், பரங்கிப்பேட்டைப் போருக்கு இருக்கும் ஆகப் பெரிய நினைவுச்சின்னம் அந்த ஆஸ்பத்திரிதான்.

ராத்திரி கடலூரில் தங்குங்க. மறுநாள் காலை தேவனாம்பட்டினம். வெள்ளி கடற்கரைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டை இருப்பதைக் கவனிப்பதே இல்லை. 1690-ல் மராட்டியரிடம் கம்பெனி விலைக்கு வாங்கிய இடம். எல்லை எது என்று முடிவு செய்ய, கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை எங்களுடையது என்றார்கள். அந்த ஊர்களுக்கு "குண்டு கிராமங்கள்"னே பேர். ரியல் எஸ்டேட்காரர்களுக்குக்கூட இந்த ஐடியா வந்திருக்காது! 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இப்போது மிச்சம் இருப்பது சிதிலம்தான்.

இந்தப் பயணத்தில் நீங்க நின்னு நிதானமா யோசிக்க வேண்டிய இடம் அது இல்லை. பழைய கடலூருக்குத் தெற்கே, கடலுக்கும் கேப்பர் மலைக்கும் நடுவில் இருக்கும் நிலம். (அந்தச் செம்மண் மேட்டில்தான் மத்திய சிறை இருக்கு. 1918-ல் பாரதியாரை வைத்திருந்ததும் கடலூர் சிறையில்தான்.)

1783 ஜூன் 13. உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, கீல்வாதத்தால் அவதிப்பட்ட கிழவர். வெளியே ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட், இரண்டு வருஷம் முன்பு பொள்ளிலூரில் பீரங்கிக் குண்டில் ஒரு காலை இழந்தவர். நடக்கவே சிரமப்பட்ட இரண்டு பேர் ஆயிரக்கணக்கான ஆட்களை முன்னால் நடக்க வைத்தார்கள். ஒரே பகலில் ஆங்கிலேயத் தரப்பில் சுமார் ஆயிரம் பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பில் நானூறுக்கு மேல். இரண்டு பக்கமும் சிப்பாய்கள் இருந்தார்கள். அதாவது, நம்ம ஆட்கள்.

ஒரு வாரத்தில், ஜூன் 20-ல், கடலூருக்கு எதிரே கடலில் சண்டை. பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரனிடம் 15 போர்க்கப்பல், ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸிடம் 18. சஃப்ரனிடம் ஆள் பற்றாததால் புஸ்ஸியின் படையில் இருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார், அதில் சிப்பாய்களும் உண்டு. ஆனால் பின்வாங்கியது 18 கப்பல் வைத்திருந்தவர்தான். காரணம் என்ன தெரியுமா? குடிதண்ணீர்ப் பற்றாக்குறை, அதோடு ஸ்கர்வி.

ஸ்கர்வி என்றால் வைட்டமின் சி குறைபாடு. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பழைய புண் திறந்துகொள்ளும், எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. எலுமிச்சை, ஆரஞ்சு கொடுத்தால் இது குணமாகும் என்று ஜேம்ஸ் லிண்ட் 1747-லேயே கப்பலில் சோதித்து, 1753-ல் புத்தகமும் போட்டுவிட்டார். ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது 1795-ல். நடுவில் 42 வருஷம்! நம்ம ஊர்க் காட்டில் தானா காய்க்கும் நெல்லிக்காய்க்கு ஏங்கிய கப்பல்கள் நம்ம கரையிலேயே நின்றன. மருத்துவத்தில் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கும் அது நோயாளி வாய்க்குப் போய்ச் சேருவதற்கும் இருக்கும் தூரம் இன்னைக்கும் எங்களுக்குப் பெரிய தலைவலிதான்.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. ஜூன் 13-க்கு 144 நாள் முன்பே, ஜனவரி 20-ல், வெர்சாயில் பிரிட்டனும் பிரான்சும் சமாதான முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. அந்தச் செய்தி கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரவேண்டும். வெள்ளைக்கொடி கட்டிய கப்பல் கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். அந்த மணலில் விழுந்தவர்கள் அத்தனை பேரும், ஏற்கெனவே முடிந்துபோன சண்டையில் விழுந்தவர்கள்.

எம்டன் குண்டு போட்ட 1914 நமக்கு நல்லா ஞாபகம் இருக்கு, "அவன் எம்டன்டா"ன்னு இன்னும் சொல்றோம். கடலூரின் 1783-க்கு நம்ம பேச்சில் ஒரு சொல்கூட இல்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு புதுச்சேரி. ஒரு மணி நேரத்துக்குள் போயிடலாம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம். முதல் உலகப்போரில் பிரான்சுக்காகப் போய் இறந்த பிரெஞ்சிந்தியர்களுக்காக 1937-ல் கட்டி, 1938 ஏப்ரலில் திறந்தது. அங்கே போய் செல்ஃபி எடுக்கறதுக்கு முன்னால், காலையில் நீங்க நின்ற கடலூர் மணலை நினைச்சுப் பாருங்க. இதே நாட்டுக்காக அங்கே விழுந்த சிப்பாய்களுக்கு இப்படி ஒரு தூண் கிடைக்கவில்லை. இருட்டறதுக்கு முன் கிளம்பினால் விழுப்புரம் வழியா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்திடலாம்.

போறவங்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரி, பிப்ரவரி தான் நல்ல மாதம். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் பக்கம் மழையும் புயலும் எப்ப வரும்னு சொல்ல முடியாது. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, ரெண்டு ஓ.ஆர்.எஸ் பாக்கெட், தொப்பி. சுகர் இருக்கிறவங்க தயவுசெய்து மணலில் வெறுங்காலோடு நடக்காதீங்க. பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருந்தா சூடு தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். அதோடு, முதுகிலோ பிடரியிலோ பல கண் வைத்த கட்டி வந்து காய்ச்சலும் அடிச்சா, அதுக்குப் பேர்தான் ராஜபிளவை. வெற்றிலை சுட்டுக் கட்டிப் பார்க்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஹைதர் அலிக்குக் கிடைக்காத மருந்து இன்னைக்கு அரசு மருத்துவமனையில் இலவசம்.