16-ம் நாள் காரியம் முடிந்த பிறகு: சித்தூர், திருப்பதியில் வசிக்கும் தமிழ் இளைஞர்கள் மனநல ஆலோசனைக்கு எங்கே போகலாம்?

வீட்டில் ஒரு சாவு. 16-ம் நாள் காரியம் வரை சொந்தபந்தம் கூடவே இருக்கிறது. அதன் பிறகு நீங்கள் திருப்பதிக்கோ ஸ்ரீசிட்டிக்கோ வேலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆபீஸில் தெலுங்கு, மீட்டிங்கில் இங்கிலீஷ். அழுகை மட்டும் தமிழில்தான் வருகிறது. ரூம் கதவைச் சாத்திய பிறகுதான் பலருக்குத் துக்கமே ஆரம்பிக்கிறது.

இது நோயா?

பெரும்பாலும் இல்லை. தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காதது, வேலையில் கவனம் சிதறுவது, இறந்தவரின் நம்பருக்கு போன் போடக் கை போவது எல்லாம் துக்கத்தின் இயல்பு. மாதக்கணக்கில் அந்த ஏக்கம் குறையாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கினால் அதை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 இதற்குக் குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேடு, பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. இது டாக்டர் போடும் கணக்கு. உதவி கேட்க அதுவரை காத்திருக்கணும்னு அர்த்தம் இல்லை. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

யாரிடம் பேசுவது?

முதல் எண் 14416. 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

நேரில் போக வேண்டுமென்றால், திருப்பதியில் ருயா அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் பக்கம்தான். அங்கே பாகாயத்தில் சிஎம்சி-யின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. தமிழிலேயே மனம்விட்டுப் பேசலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. போனதும் மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். உளவியல் ஆலோசகர் மருந்து எழுதுவதில்லை, அது மனநல மருத்துவரின் வேலை.

தம்பி, தங்கை ஹாஸ்டலில் இருந்தால்?

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த 17 வயது மாணவி 2023-ல் இறந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ல் நாடு முழுமைக்குமான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். கோச்சிங் சென்டருக்கும் இது பொருந்தும். ஹாஸ்டலில் டெலி மானஸ் எண்ணைக் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த முறை பார்க்கப் போகும்போது, ஆலோசகர் யார் என்று வார்டனிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் ஆலோசனைக் கட்டணம் எல்லா பாலிசியிலும் வராது, முதலில் பாலிசியைப் படித்துவிடுங்கள்.

போனை எடுத்ததும் என்ன பேசுவது என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். “அப்பா போய் மூணு மாசம் ஆச்சு, தூக்கமே வரல” என்று ஆரம்பித்தால் போதும். மற்றதை அவர்களே கேட்பார்கள்.