நூறில் ஒரு செக்கன்

விளையாட்டு முடிவுகளை அச்சுக்கு அனுப்புகையில், இடம் போதாதென்று தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களைப் பல தடவை வெட்டியிருக்கிறேன். அவற்றுள் ஒருவரது வாழ்நாள் உழைப்பே அடங்கியிருக்கக்கூடும் என்பதை எனக்கு உணர்த்தியவர் பின்லாந்து வீரர் யுகா மியெதோ.

1972இல் ஜப்பானின் சப்போரோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், 15 கிலோமீற்றர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் 0.06 செக்கனால் வெண்கலத்தை இழந்தார் அவர். எட்டு ஆண்டுகளின் பின், 1980இல், அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் அதே தூரத்தை 41 நிமிடம் 57.64 செக்கனில் கடந்தார். சுவீடனின் தோமஸ் வாஸ்பெர்க் எடுத்த நேரமோ 41 நிமிடம் 57.63 செக்கன். தங்கம் வாஸ்பெர்க்குக்குச் சென்றது.

இவ்வோட்டத்தில் வீரர்கள் ஒன்றாகப் புறப்படுவதில்லை. இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகவே செல்வர். எல்லைக்கோட்டில் இருவரையும் அருகருகே கண்டவர் எவருமில்லை. கடிகாரம் மட்டுமே தீர்ப்பளித்தது. ஊன்றுகோல் பனியில் ஒருமுறை சற்றே வழுக்கினாலும் அதைவிடக் கூடுதலான நேரம் கழிந்துவிடும்.

பின்னர் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம், இத்தகைய ஓட்டங்களில் செக்கனின் பத்தில் ஒரு பங்கு வரையே கணக்கிடுவதெனத் தீர்மானித்தது. அவ்விதி அன்று இருந்திருப்பின் இருவருக்கும் தங்கம் கிடைத்திருக்கும். நான் இடத்துக்காக வெட்டிய இலக்கத்தை அவர்கள் நியாயத்துக்காக வெட்டினார்கள். ஆயினும் மியெதோவின் பதக்கம் வெள்ளியாகவே இருக்கிறது.