வார்டுக்குள் தாய்க்கு இடம் கிடைத்த வரலாறு

நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே தாயோ தந்தையோ இருப்பது இன்று இயல்பான காட்சி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவமனைகளில் இதற்கு அனுமதி இல்லை. குழந்தையை வார்டு வாசலில் செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் வீடு திரும்ப வேண்டும். 1949-இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வையாளர் நேரங்கள் தொகுக்கப்பட்டு ஒரு வார இதழில் வெளியாயின. கைஸ் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 முதல் 4 மணி வரை மட்டுமே குழந்தையைப் பார்க்கலாம். புனித தாமஸ் மருத்துவமனையில் முதல் ஒரு மாதத்துக்கு அதுவும் கிடையாது. இரவு 7 முதல் 8 மணிக்குள் சென்றால், தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த விதிகளை வகுத்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் போன்ற தொற்றுநோய்கள் வார்டு முழுவதும் பரவிய காலம் அது. வெளியாள் வருகை என்றாலே மருத்துவர்கள் அஞ்சினர். மற்றொரு காரணமும் இருந்தது. பெற்றோர் வந்து சென்ற பிறகு குழந்தைகள் கதறி அழுதனர். யாரும் வராத நாட்களில் வார்டு அமைதியாக இருந்தது. எனவே பெற்றோர் வருகையே குழந்தையைக் கலங்கச் செய்கிறது என்று முடிவு கட்டினர். இரண்டு மூன்று நாட்கள் அழுதுவிட்டு அடங்கிய குழந்தையைக் காட்டி, ‘பழகிவிட்டது’ என்று செவிலியர்கள் சொன்னார்கள். பெற்றோரும் அதை நம்பினார்கள். நம்பாதவர்களுக்கும் மருத்துவரை எதிர்த்துப் பேசும் துணிவு அரிதாகவே இருந்தது. நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1920-களிலேயே தம் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்மாரையும் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளச் செய்தார். ஆனால் அந்த முன்மாதிரியைப் பின்பற்றியவர்கள் குறைவு.

கொதிகலன் அறையிலிருந்து வந்தவர்

பிரிவு என்பதைத் தனிச் சிக்கலாகப் பார்க்கத் தூண்டியது போர். 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரிட்டன் நகரங்களிலிருந்து லட்சக்கணக்கான குழந்தைகள் கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜான் போல்பி, டொனால்ட் வினிகாட், இமானுவேல் மில்லர் ஆகிய மூன்று மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது உளநலத்துக்குத் தீங்கு தரலாம் என்று அதில் எச்சரித்தனர்.

போர்க்காலத்தில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் அன்னா பிராய்ட் குழந்தைகள் காப்பகங்களை நடத்தினார். அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். கிளாஸ்கோ அருகே தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மனைவி ஜாய்ஸ் அதே காப்பகத்தில் கைக்குழந்தைகளைக் கவனித்துவந்தார். சமையல்காரரானாலும் கொதிகலன் பணியாளரானாலும், குழந்தைகளிடம் கண்டதைச் சீட்டுகளில் எழுதித் தர வேண்டும் என்பது அன்னா பிராய்டின் விதி. ராபர்ட்சனுக்கு அதுவே பள்ளிக்கூடமாயிற்று.

1948-இல் அவர் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் போல்பியுடன் சேர்ந்தார். மருத்துவமனையில் தனித்திருக்கும் சிறு குழந்தைகளைக் கவனித்து எழுதுவது அவர் பணி. வார்டின் மூலையில் நாள்கணக்கில் அமர்ந்திருந்து அவர் கண்டவை மூன்று கட்டங்களாகப் பிரிந்தன. முதலில் குழந்தை அழுது, கத்தி, வாசலையே பார்த்துத் தாயைத் தேடுகிறது. அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்கி, பேச்சும் விளையாட்டும் குறைந்து கிடக்கிறது. நீண்ட நாள் தங்கினால் மூன்றாவது கட்டம் வருகிறது: குழந்தை சிரிக்கிறது, எல்லாச் செவிலியரிடமும் செல்கிறது, தாய் வந்தால் மட்டும் அவளைக் கண்டுகொள்வதில்லை. வார்டில் ‘பழகிவிட்டது’ என்று சொல்லப்பட்டது இந்த இரண்டாம், மூன்றாம் கட்டங்களைத்தான். அமைதி என்று தெரிந்தது ஆழ்ந்த துயரம் என்றார் ராபர்ட்சன். மருத்துவர்கள் ஏற்கவில்லை. மருத்துவப் பட்டம் இல்லாதவரின் பேச்சு அவர்கள் காதில் ஏறவில்லை.

லாராவின் எட்டு நாட்கள்

சொன்னால் நம்பாதவர்களுக்குக் காட்டிவிடலாம் என்று அவர் ஒரு கைக்கேமராவை வாங்கினார். அதற்குமுன் அவர் படம் எடுத்ததில்லை. வேண்டுமென்றே பலவீனமான குழந்தையைத் தேர்ந்தெடுத்தார் என்ற குற்றச்சாட்டு எழக்கூடாது என்பதற்காகக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு குழந்தை தேர்ந்தெடுக்கப்பட்டது. தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் தங்கவிருந்த, இரண்டு வயது ஐந்து மாதமான லாரா. நாள்தோறும் குறிப்பிட்ட நேரங்களில் படமெடுக்கப்பட்டது. காட்சியில் சுவர்க் கடிகாரமும் தெரியும்படி பார்த்துக்கொண்டார்.

லாரா வயதுக்கு மீறிய அடக்கம் உள்ள குழந்தை. அவள் ஓயாமல் அழவில்லை என்பதுதான் படத்தின் வலிமை. கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு, அழுகையை அடக்கிய முகத்தோடு, அம்மா எங்கே என்று இடையிடையே கேட்கிறாள். அம்மா வந்தபோதோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வீடு திரும்பும் நாளில் தன் பொருள் ஒன்றைக்கூட, கிழிந்த புத்தகத்தைக்கூட, விட்டுவைக்க மறுக்கிறாள். தாயின் கையைப் பிடிக்காமலே வெளியேறுகிறாள். சில மாதங்கள் கழித்து இந்தப் படத்தைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தபோது லாராவும் தற்செயலாகப் பார்த்துவிட்டாள். அந்த நேரமெல்லாம் எங்கே இருந்தாய் என்று தாயிடம் கேட்டு அழுதாள்.

1952 நவம்பரில் ராயல் மருத்துவச் சங்கத்தில் ‘இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குச் செல்கிறது’ என்ற அந்தப் படம் திரையிடப்பட்டது. அரங்கில் கோபம் வெடித்தது. மருத்துவத் தொழிலை அவதூறு செய்கிறார் என்றனர். அவ்வாறு கோபப்பட்டவர்களுள் ஒருவர் குழந்தை மருத்துவர் டெர்மட் மெக்கார்த்தி. தம் வார்டுக்குத் திரும்பியதும், படத்தில் கண்டது அங்கேயும் நடப்பதைக் கண்டார். பின்னர் அமர்ஷாமில் இருந்த அவருடைய வார்டிலேயே, தாயோடு தங்கும் குழந்தையைப் பற்றிய ராபர்ட்சனின் இரண்டாவது படம் எடுக்கப்பட்டு 1958-இல் வெளிவந்தது.

அறிக்கையும் அன்னையரும்

1959-இல் அறுவை மருத்துவர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு தன் அறிக்கையை அளித்தது. பெற்றோர் எந்த நேரமும் வரலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு தாயும் தங்க வசதி வேண்டும். செவிலியர் பயிற்சியில் குழந்தையின் உணர்வுத் தேவைகள் இடம்பெற வேண்டும் என்பன அதன் பரிந்துரைகள். அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏட்டில் ஏற்றது வார்டுக்கு வந்து சேரவில்லை.

1961-இல் ராபர்ட்சன் அப்சர்வர் ஞாயிறு இதழில் கட்டுரைகள் எழுதினார். பிபிசி தொலைக்காட்சியில் படத்தின் பகுதிகளைக் காட்டி, பெற்றோரின் அனுபவங்களைக் கேட்டார். கடிதங்கள் வந்து குவிந்தன. அடுத்த ஆண்டு அவை நூலாயின. அதே 1961-இல் லண்டன் பாட்டர்சீ பகுதித் தாய்மார் சிலர் ஓர் அமைப்பைத் தொடங்கினர். தத்தம் பகுதி மருத்துவமனைகளின் விதிகளைக் கேட்டறிவதும், மாறாத இடங்களில் வற்புறுத்துவதும் அவர்கள் வேலை. மற்ற ஊர்களிலும் கிளைகள் தோன்றின. அதுவரை மருத்துவர்களும் உளவியலாளர்களும் வாதிட்டுக்கொண்டிருந்த ஒன்று பெற்றோரின் உரிமைக் கோரிக்கையாக மாறியது இங்கேதான்.

பெற்றோர் உடனிருந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பதிவு உண்டு. நான்கு வயது மகளுக்குத் தொண்டைச் சதை நீக்கும் அறுவை நடந்தபோது ஜாய்ஸ் ராபர்ட்சன் உடன் தங்கிக் குறிப்பெழுதினார். 1956-இல் அது வெளியானது. என்ன நடக்கப்போகிறது என்பதை மகளிடம் முன்கூட்டியே சொன்னார். வலிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. மகளின் அச்சமும் கோபமும் தன்மீது பாய்ந்தபோது தாங்கிக்கொண்டார்.

தாய் எப்போதுமே உடனிருக்க முடியாத குடும்பங்களைப் பற்றியும் ராபர்ட்சன் தம்பதியர் பின்னாளில் ஆராய்ந்தனர். போல்பியோடு அவர்கள் வேறுபட்டது இதில்தான். 1969-இல் வெளியான படத்தில், தாய் பிரசவத்துக்குச் சென்ற ஒன்பது நாட்களைக் காப்பகத்தில் கழித்த பதினேழு மாத ஜான், மாறி மாறி வரும் செவிலியரிடையே பற்றிக்கொள்ள ஓர் ஆள் இன்றி உடைந்துபோகிறான். இதே நிலையிலிருந்த வேறு நான்கு குழந்தைகளைத் தம்பதியர் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டனர். குழந்தைக்கு முன்பே தம் வீட்டைப் பழக்கினர். பழகிய உணவையும் உறக்க நேரத்தையும் மாற்றவில்லை; தாயின் படத்தைக் காட்டி அவளைப் பற்றிப் பேசினர்; தந்தையை வந்து பார்க்கச் சொன்னார்கள். அக்குழந்தைகளும் ஏங்கினர், சில வேளை முரண்டுபிடித்தனர். ஆனால் ஜானைப் போல உடைந்துபோகவில்லை.