நூலகம் (இணைய ஆவணக்காப்பகம்)

நூலகம் என்பது இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவுமலர்கள் முதலியவற்றை இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தரும் ஆவணக்காப்பகம். தன்னார்வலர்களின் கூட்டுமுயற்சியாக 2005இல் தொடங்கியது. இதை நடத்தும் நூலக நிறுவனம் கொழும்பு வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றி வந்துள்ளது.

பின்னணி

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது அழிந்த நூல்கள் 97,000 எனப் பலரும் குறிப்பிடுவர். 95,000 என்ற கணக்கும் உண்டு. மறுபதிப்பே காணாத உள்ளூர் வெளியீடுகளும் அவற்றோடு போயின. ஈழத்து நூல்கள் பல, ஆசிரியரின் கைக்காசில் சில நூறு படிகள் மட்டும் அச்சாகி, வெளியீட்டு விழாவிலும் நண்பர்களிடையேயும் முடிந்துவிடுபவை. வீட்டு அலுமாரிகளில் எஞ்சியவற்றையும் போர்க்கால இடப்பெயர்வுகள் சிதறடித்தன.

நூல்களை மின்வடிவில் காத்து இலவசமாகத் தரும் பணிக்கு முன்மாதிரிகள் இருந்தன. ஆங்கிலத்தில் குட்டன்பேர்க் திட்டம் 1971இல் தொடங்கியது. தமிழில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினர்.

அன்றைய பெருஞ்சிக்கல் எழுத்துக் குறியேற்றம். ஈழத்தவரிடையே பரவியிருந்த பாமினி எழுத்துருவில் தட்டிய பக்கம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். மதுரைத் திட்டம் திஸ்கி (TSCII) என்ற குறியேற்ற முறையைக் கையாண்டு பின்னர் ஒருங்குறிக்கு (Unicode) வந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியிலேயே வளரத் தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பிய முன்னோடி இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். நூலகத்துக்குத் தேவையான கருவியும் கூடியெழுதும் பழக்கமும் இவ்வாறு முன்கூட்டியே தயாராயின.

தொடக்கம்

போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறையில் இருந்த காலத்தில், ஆழிப்பேரலையை அடுத்து வந்த ஆண்டில், நூலகம் தொடங்கப்பட்டது. தொடக்கியவர்களாகத் தி. கோபிநாத்தும் மு. மயூரனும் குறிப்பிடப்படுவர். இலண்டனில் வாழும் இ. பத்மநாப ஐயரின் ஊக்கமும் சேகரிப்புகளும் பெருந்துணையாக இருந்தன. எனினும் நூல்களைத் தேடிக் கொடுத்தோர், தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் எனப் பலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து பங்களித்த முயற்சியை ஓரிருவர் பெயரில் மட்டும் நிறுத்துவது பொருந்தாது.

முதலில் நூல்கள் தட்டச்சு செய்தே ஏற்றப்பட்டன. தேடுவதற்கு அது வசதி; ஆனால் வேகம் குறைவு. ஆகவே பக்கங்களை மின்வருடிப் படக்கோப்புகளாக ஏற்றும் முறைக்கு மாறினர். இதனால் அட்டை ஓவியம், விளம்பரம், பழைய நூல்நிலையத்தின் முத்திரை எல்லாம் அப்படியே காப்பாற்றப்பட்டன.

விவரப் பக்கங்கள்

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளே இங்கும் பயன்படுகிறது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண், ஆசிரியர், வகை, மொழி, பதிப்பகம், ஆண்டு, பக்கங்கள் ஆகிய விவரங்களுடன் ஒரு பக்கம் உண்டு. சஞ்சிகையாயின் ‘சுழற்சி’ என்ற வரியில் மாத இதழா, காலாண்டிதழா எனக் காணலாம். அதன்கீழ் உள்ளடக்கம்: கவிதை, சிறுகதை, வாசகர் கடிதம் எனத் தலைப்புத் தலைப்பாக, எழுதியவர் பெயருடன். ஓரிரு இதழ்களோடு நின்றுபோன சிற்றிதழில் ஒரேயொரு கவிதை எழுதியவரின் பெயரும் இப்பட்டியலில் இடம்பெறுகிறது. நூலகத்தின் ஆகப்பெரிய சாதனை மின்வருடலைவிட இந்தப் பட்டியலாக்கம்தான் எனலாம்.

பதிப்புரிமை

இலங்கையின் 2003ஆம் ஆண்டு புலமைச் சொத்துச் சட்டப்படி, உரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். சமகால நூல்களையும் சேர்க்க விரும்பிய நூலகம் எழுத்தாளர்களிடம் எழுத்துமூல அனுமதி கேட்கும் வழியைத் தேர்ந்தது. அனுமதி கிடைக்காதவை பற்றிய குறிப்பு உரிய பக்கத்திலேயே தரப்படுகிறது. உரிமையாளரை அறிய முடியாத பழைய வெளியீடுகளை என்செய்வது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பின்னைய வளர்ச்சி

ஒலி, ஒளிப்படம், ஓலைச்சுவடி ஆகியவற்றுக்கென ‘ஆவணகம்’ என்ற தனித்தளம் அமைந்தது. ஐலண்டோரா மென்பொருளில் இயங்கும் இதற்கு ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாக நூலகம் துணைநின்றது. மலையக, முஸ்லிம் சமூகங்களின் ஆவணங்களும் சேர்க்கப்பட்டு வருகின்றன. படக்கோப்புகளாக மட்டுமே உள்ள பக்கங்களுக்குள் சொல்வழித் தேடல் எளிதன்று. அவற்றில் ஒரு கட்டுரையைக் கண்டுபிடிக்கத் தட்டச்சு செய்யப்பட்ட உள்ளடக்கப் பட்டியலே முதன்மையான வழி.